இடப்பக்கக் கண்ணாடி

ஆகஸ்ட் 30, வெள்ளி

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. இதை என் குலதெய்வத்தின் மீதும், முப்பத்தொரு வருஷம் என் கழுத்தில் தொங்கிய விசிலின் மீதும் ஆணையிட்டுச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். நம்பாமல் போகிறவர்களுக்கு நஷ்டஈடு கிடையாது.

எழுதுபவன் சென்னியப்பன். வயது அறுபத்திரண்டு. ஈரோடு – காங்கேயம் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் விசில் ஊதினால் பஸ் மட்டுமா நிற்கும்? வாய்க்கால் தண்ணீரும் ஒரு நிமிஷம் நின்று, யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். தற்சமயம் சென்னிமலையில் தங்கை தெய்வானை வீட்டு மாடியறையில் அரசாட்சி. குடிமக்கள்: ஒரு ரேடியோ, ஒரு மொபெட், எண்ணற்ற எறும்புகள்.

இன்று தங்கை மகள் கார்குழலிக்குக் கார் வந்தது. குழலி மாட்டு டாக்டர். தோட்டம் தோட்டமாகப் போய் வைத்தியம் பார்ப்பவள். அவளுடைய சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. வெள்ளை நிறம். மேலே பறந்த கொக்கு ஒன்று அந்த வெள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டு, வந்த வழியே திரும்பிப் போனதை நான் கண்ணால் கண்டேன்.

நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு முதல் சுற்று ஓட்டுகிற உரிமை எங்கள் வீட்டில் தாய்மாமனுக்கு. தேர் கிளம்பியது போலக் கிளம்பினேன். கோயில் வளைவில் இருக்கிற கல்தூணுக்கும் எனக்கும் சின்ன கருத்து வேறுபாடு. நான் போகும் பாதை என்னுடையது என்றேன். தூண் ஒத்துக்கொள்ளவில்லை. இடப்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கண்ணாடி உடைந்ததா என்று கேட்காதீர்கள். பூஜையன்று கண்ணாடி உடைந்தது தெய்வானைக்குத் தெரிந்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று கூடத்துக் கண்ணாடி கீறல் விட்டதற்கு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, சம்பந்தம் வேண்டாம் என்று அனுப்பியவள். இந்த வண்டியை மறுநாளே விற்க வைத்திருப்பாள். பிள்ளை இதற்காகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகவே கண்ணாடி உடையவில்லை.

“பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்” என்று தனியாகப் போனேன். பெட்ரோல் போட ஒன்றரை மணி நேரமானது. வழியில் சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் சிங்காரத்தின் கடையில் நிற்க வேண்டி வந்தது. அவனிடம் பியூட்டி பார்லர் கண்ணாடியில் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மதியம் பாகற்காய்ப் பொரியல். தெய்வானை வைக்கும் பாகற்காயைத் தின்றால் வேப்பமரம் கற்கண்டு போல இனிக்கும்.

குழலி வண்டியைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டாள். “மாமா, லெஃப்ட் கண்ணாடில எல்லாம் பக்கத்துல தெரியுதுங்க. ரைட்ல அப்படி இல்லியே.”

தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பேருரை நிகழ்த்தினேன். “அம்மிணி, கம்பெனிக்காரன் குடுக்கற கண்ணாடி இருக்குதே, அது வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்கும். லாரிய கரப்பான்பூச்சியாட்டக் காட்டும். பத்தடில இருக்கறவன நூறடில இருக்கற மாதிரிக் காட்டும். பித்தலாட்டம்! இது தட்டையான கண்ணாடி. லாரிய லாரியா, மாட்டை மாடா, உள்ளதை உள்ளபடி காட்டும். உனக்குன்னே ஸ்பெஷலா வந்திருக்குது.”

“நீங்க உள்ளதை உள்ளபடின்னு சொல்றதுதான் மாமா பயமா இருக்குது” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் மொபெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4, புதன்

சாக்கடை அடைப்பு. குச்சி விட்டுக் குத்தினேன். பாதாளலோகம் வரை போனது. வேறு விசேஷமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வெள்ளோடு பக்கம் ஒரு தோட்டத்தில் மாடு கன்று போட முடியாமல் தவிப்பதாகப் போன் வந்தது. குழலியோடு நானும் போனேன். முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தால் எனக்குப் பழைய உத்தியோகம் தானாக வந்துவிடும். “லெஃப்ட்ல சைக்கிள் வருது, போகட்டும்… ஃப்ரீ, ஏறலாம்… பொறு பொறு, டிவிஎஸ்காரன்.” முப்பத்தொரு வருஷம் டிரைவருக்கு இடது கண்ணாக இருந்தவன். படிக்கட்டில் நின்று நான் தட்டாமல் எங்கள் டிரைவர் ஒரு அங்குலம் இடப்பக்கம் ஒதுக்க மாட்டார்.

குழலி ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். திருப்புவதற்கு முன்னால் நடுக் கண்ணாடி, வலது, இடது. ஒவ்வொரு தடவையும். ஆள் இல்லாத ரோட்டிலும். “யாரைத் தேடறே அம்மிணி, சொத்துல பங்குதாரன் வர்றானா?” என்று கேட்டேன்.

“நீங்க கத்துக் குடுத்ததுதானுங்க மாமா.”

கன்று பிழைத்தது. பிறந்தவுடனே எழுந்து நின்று குழலிக்கு வணக்கம் சொன்னது. எனக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் அரச்சலூருக்குப் போக வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. பத்து மணிக்குச் சீட்டாட ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். “ராஜாங்க காரியம் இருக்குது, நீ போயிட்டு வா” என்று மாடியிலிருந்து கையசைத்தேன்.

பத்தேகாலுக்கு மேல் போன் வந்தது. குழலிதான். குரல் அவளுடையதாக இல்லை. “மாமா, ஒருத்தர இடிச்சிட்டேன். வாங்க.”

தோட்டத்து வழிக்குத் திரும்ப இடப்பக்கம் ஒடித்திருக்கிறாள். வண்டியின் இடப்பக்கப் பின்கதவில் ஒரு மொபெட் உரசி, ஓட்டி வந்த ஆள் கல்மேல் விழுந்துவிட்டார். பெயர் மாரப்பன். விசைத்தறி ஃபிட்டர். நாற்பத்தெட்டு வயது. ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. தலையில் அடி.

ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். போலீஸ்காரரிடமும் காட்டினேன். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்டினேன். ஏழெட்டுப் பேரிடம் காட்டியிருப்பேன்.

குழலி ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். “பாத்துட்டுத்தான் மாமா திருப்பினேன். லெஃப்ட்ல யாரும் இல்ல. யாருமே இல்லீங்க மாமா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வண்டியின் இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு கீறலும் இல்லை. வெயிலில் பளபளவென்று இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

காலை ஏழு மணி பஸ்ஸில் ஈரோடு போனேன். பப்பாளிப்பழ அளவுள்ள ஒரு சாமான் வாங்கினேன். காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் போனேன். உள்ளே விடவில்லை. வராந்தாவில் மாரப்பனின் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று சொல்லவில்லை.

மதியம் சென்னிமலை ஸ்டேஷன். வண்டியை வெளியே புங்கமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். நாளைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஏட்டு பெருமாள்சாமிக்கு என்னை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பஸ்ஸில் படியில் தொங்கி வந்தவர்.

“ஏட்டய்யா, வண்டிக்குள்ள முருகன் படம் இருக்குது. எடுத்துக்கலாமுங்களா?”

“எடுத்துக்குங்க கண்டக்டரே. சாமியக் கைது பண்ணி நாங்க என்ன பண்ணப் போறோம்?” என்று சாப்பிடப் போய்விட்டார்.

முருகன் படத்தை எடுத்தேன். கண்ணாடி மாற்ற ஒரு ஸ்குரூடிரைவரும் நான்கு நிமிஷமும் போதும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீருக்குள் என்னவோ மின்னிக்கொண்டே போனது. மீனாக இருக்கும்.

குழலிக்காகத்தான் செய்தேன். வண்டியில் கோளாறு என்று எழுதிவிட்டால் அவளுக்குத்தானே கெட்ட பெயர்?

எதைச் செய்தேன் என்று நான் எழுதவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பிரேக் சரி. விளக்கு சரி. டயர் சரி. கண்ணாடிகள் மூன்றும் சரி. வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

“பாத்தியா அம்மிணி? வண்டி பத்தரைமாத்துத் தங்கம்னு எழுதிட்டாரு” என்றேன்.

குழலி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள்.

“வண்டில குறை இல்லைன்னா, அப்ப எங்கிட்டதானுங்க மாமா குறை.”

செப்டம்பர் 21, சனி

வண்டியை விட்டுவிட்டார்கள். நான்தான் ஓட்டி வந்தேன். குழலி வாசலுக்கு வரவில்லை. தெய்வானை பூசணிக்காய் உடைத்தாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாரப்பன் இறந்துபோனார். காலை பத்தே முக்காலுக்கு.

செப்டம்பர் 25, புதன்

சாவுக்கு ஆயிரம் பேர் வந்திருந்தார்கள்.

அடித்துவிட்டு எழுதுகிறேன். பதினேழு பேர். எண்ணினேன். தறிக்குடோனில் அன்றைக்கு ஆர்டர் அவசரம் என்று மற்றவர்களை விடவில்லையாம்.

நான் கடைசியில் நின்றேன். குழலியை வர வேண்டாம் என்று ஏட்டு சொல்லியிருந்தார். மாரப்பனின் சம்சாரம் ரங்கநாயகி அழுது முடித்துவிட்ட மாதிரி இருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எப்பவும் லெஃப்ட்ல ஓரமாத்தானுங்க போவாரு. நடுரோட்டுக்கே போகமாட்டாரு. ஓரமாப் போனா ஒருத்தனும் இடிக்கமாட்டான்னு எங்கிட்டயும் சொல்லுவாரு. நான்கூடத் திட்டுவேன், இப்படி ஆமையாட்டப் போனா எப்ப ஊடு வந்து சேருவீங்கன்னு.”

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தெய்வானை சோறு போட்டாள். ரசம் எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

செப்டம்பர் 28, சனி

வெள்ளோட்டிலிருந்து ஒரு விவசாயி போன் மேல் போன். மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. குழலி காரைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாடு கால் நீட்டிவிட்டது.

அந்த ஆள் ஒன்றும் திட்டவில்லை. “காருக்கு என்னாச்சுங்க டாக்டரு?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். “மாமா, கண்ணு ஒண்ணைப் பாத்தும் மூளைக்குப் போய்ச் சேராம இருக்குமுங்களா?”

“அதெல்லாம் இல்ல கண்ணு.”

“அந்தக் கண்ணாடிய நான் பாத்தது எனக்கு ஞாபகம் இருக்குது. பின்னால ரோடு தெரிஞ்சது. ஒரு பனைமரம் தெரிஞ்சது. அந்த மரத்தைக்கூடச் சொல்லுவேன். அவரு மட்டும் இல்ல. அவரு அங்க இருந்திருக்காரு. அப்படின்னா நான் பாத்ததா நெனச்சுக்கறேன், பாக்கல. இனி எந்த மாட்டுக்கு எந்த ஊசி போட்டேன்னு எப்படிங்க மாமா நம்புவேன்?”

எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் சின்னப் பையன். படியில் நின்று இடப்பக்கம் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

ஸ்டேஷனில் வாக்குமூலம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போக வேண்டும். குழலி இன்றைக்கே எழுதி வைத்துவிட்டாள். மேஜை மேல் இருந்தது, படித்தேன். “இடப்பக்கக் கண்ணாடியைக் கவனிக்காமல் வண்டியைத் திருப்பினேன்.” ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

அரசாங்க வேலைக்குத் தேர்வாகி, உத்தரவு வரக் காத்திருக்கிறவள் அவள். இந்த வரியில் கையெழுத்துப் போட்டால் அந்த உத்தரவு வராது.

“வக்கீல்கிட்டக் கேக்காம எழுதலாமா அம்மிணி?”

“நடந்ததை எழுதறதுக்கு வக்கீல் எதுக்குங்க மாமா?”

அக்டோபர் 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் துணி காயப்போட மாடிக்கு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் தூண், சிங்காரத்தின் கடை, பார்லர் கண்ணாடித் துண்டு, புங்கமரம், வாய்க்கால். பொய் சொல்லும்போது எனக்குச் சரளமாக வரும். இதைச் சொல்லும்போது நாக்கு தடுக்கியது. நடுவில் இரண்டு தடவை தேதியை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

குழலி கிளிப் மாட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள்.

“ரொம்ப நல்ல கதைங்க மாமா. எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கீங்க.”

“கதையில்ல கண்ணு. சத்தியம்.”

“போன மாசம் கன்னுக்குட்டி எனக்கு வணக்கம் சொல்லுச்சுன்னு சத்தியம் பண்ணீங்க. நம்ம ஊர்ச் சிறுத்தைகிட்ட டிக்கெட் குடுத்துச் சில்லறை வாங்குனீங்கன்னு சின்னதுல சத்தியம் பண்ணீங்க. நான் அதை நம்பிப் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லி அடி வாங்கினேன்.” சிரித்தாள். செப்டம்பர் பதினேழுக்கு அப்புறம் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை. “நீங்க போய்ப் போலீஸ்ல இதையெல்லாம் சொல்லீறாதீங்க. மருமகளுக்காக மாமன் பழியேத்துக்கறான்னு அவங்களே சிரிப்பாங்க.”

“வண்டிக் கண்ணாடியப் போய்ப் பாரு. புதுசு.”

“வண்டியே புதுசுதானுங்களே.”

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். உடைந்த கண்ணாடி இல்லை. தட்டைக் கண்ணாடி வாய்க்காலோடு போனது. சாட்சி நான் ஒருத்தன்தான். என் சாட்சியின் லட்சணம் இதுதான்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. சிங்காரம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சரஸ்வதி படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தான்.

“சிங்காரம், ஆவணில கார்க் கண்ணாடிக்கு ஒரு துண்டு அறுத்துக் குடுத்தியே?”

“மாசத்துக்கு நாப்பது பேருக்கு அறுக்கறேனுங்க. பைக்கு, காரு, ஆட்டோ, ஏன், ஒரு தடவ மினிபஸ்சுக்கே அறுத்தேன். எவன் மூஞ்சிய ஞாபகம் வெச்சிருப்பேன்?”

“என் மூஞ்சிய?”

ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். தறிக்காரர் செத்துப்போனது ஊருக்கே தெரியும்.

“உங்க மூஞ்சிய மட்டும் சுத்தமா ஞாபகம் இல்லீங்க அண்ணா” என்றான்.

காரிலிருந்து கழற்றி எடுத்துப் போயிருந்த கம்பெனிக் கண்ணாடியை மேஜையில் வைத்தேன். இதே அளவுக்குச் சாதாரணக் கண்ணாடியில் ஒன்று வேண்டும் என்றேன். கையிலிருந்த ஆணியை டப்பாவில் போட்டான். அப்புறம் அளவெடுத்து அறுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

“இனிமே வண்டிக்கு அறுக்கமாட்டேனுங்க” என்று ஷட்டரை முழுசாக இறக்கினான்.

அக்டோபர் 3, வியாழன்

கையைப் பிடித்து இழுத்துத்தான் குழலியை வண்டியில் உட்கார வைத்தேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோடு நேராகப் போகும். சாவியைப் போட வேண்டாம், ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம், கண்ணாடியை மட்டும் பார் என்றேன். “என்னங்க மாமா இது” என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

என் மொபெட்டை உருட்டிக்கொண்டு போய் வண்டிக்கு இடப்பக்கம், பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், ரோட்டோரத்தில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். மாரப்பன் வந்துகொண்டிருந்திருக்க வேண்டிய இடம். ஓரம்.

“தெரியறனா?”

“தெரியறீங்க. சின்னதா, தள்ளி நிக்கற மாதிரி.”

அது கம்பெனிக் கண்ணாடி; சின்னதாகக் காட்டினாலும் ஓரம் வரைக்கும் காட்டும். இறங்கிப் போய் அதைக் கழற்றினேன். சிங்காரம் அறுத்ததைப் பொருத்தினேன். அவள் பார்வைக்குச் சரிவரும் வரை அவளையே கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். திரும்பி வந்து அதே இடத்தில், அதே மொபெட் மேல் உட்கார்ந்தேன்.

“இப்ப பாரு.”

அவள் தலை இடப்பக்கம் திரும்பியது.

“என்ன அம்மிணி தெரியுது?”

“ரோடு தெரியுதுங்க. நம்ம முருங்கைமரம் தெரியுது. பெருசா, பளிச்சுனு தெரியுது.” நிறுத்தினாள். “மாமா, அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கறேன் கண்ணு.”

“இல்லீங்க மாமா.”

“இருக்கறேன். கைய ஆட்டறேன் பாரு.” ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன்.

“நீங்க இல்லீங்க மாமா.”

கதவைத் திறந்து இறங்கினாள். நான் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். திரும்பி உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி இறங்கினாள். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப நான் பாத்தேன். பாத்துத்தான் திருப்பியிருக்கறேன்.”

“பாத்தே கண்ணு. நீ பாத்தே.”

சத்தத்தைக் கேட்டுத் தெய்வானை வெளியே வந்தாள். இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, அவளிடமும் சொன்னேன். நீ வண்டியை விற்றுவிடுவாய் என்று பயந்துதான் மறைத்தேன் என்று சொன்னேன். என் மூட நம்பிக்கையைப் பற்றி நீ பேசாதே என்று சண்டைக்கு வருவாள் என எதிர்பார்த்தேன். வரவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வண்டிய வித்துத்தான் இருப்பேனுங்ணா” என்றாள் மெதுவாக. “அந்தாளு இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான்.”

குழலி இரண்டு கண்ணாடிகளையும் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வைக்கும்போது தட்டு மட்டும் வந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போனோம். அவள் முன்சீட்டில். நான் பின்னால். பழக்கதோஷத்தில் இறங்கும்போது “லெஃப்ட் பாத்து எறங்கு” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பார்த்துத்தான் இறங்கினாள்.

ஏட்டு பெருமாள்சாமி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “கண்டக்டரே, தாய்மாமன்னா இப்படித்தான் இருக்கோணும். ஆனா இது கேசு. விளையாட்டு இல்ல. பொண்ணு எழுதுனதைக் குடுக்கட்டும், நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”

குழலி எழுதி வைத்திருந்த காகிதத்தை மேஜைமேல் வைக்கவில்லை. துணியைப் பிரித்து இரண்டு கண்ணாடிகளையும் வைத்தாள்.

“இவரு சொல்றது பொய்னு தோணுச்சுன்னா வெளிய உங்க ஜீப்புல உக்காருங்க சார். நான் மொபெட்டோட நிக்கறேன்.”

ஜீப்பில் இந்தக் கண்ணாடிகள் பொருந்தவில்லை. டேப் போட்டு ஒட்டினார்கள். ஏட்டு உட்கார்ந்தார். குழலி யாருடைய மொபெட்டையோ வாங்கி இடப்பக்க ஓரத்தில் நின்றாள். முதலில் ஒரு கண்ணாடி. அப்புறம் இன்னொன்று. ஏட்டு கண்ணாடியைப் பார்த்தார். தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தார். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும் புதுத் தாள் எடுத்தார். சப்-இன்ஸ்பெக்டரும் வந்து உட்கார்ந்தார். தடயத்தை மாற்றியதற்கு என் மேல் தனியாக ஒன்று, உயிர் போனதற்கு என்ன பிரிவு என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிரேக் இன்ஸ்பெக்டரையும் மறுபடி கூப்பிடுவார்களாம். குழலி மேல் கேசு நிற்குமா நிற்காதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதிபதி சொல்வார் என்றார். அவளுடைய உத்தரவு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

அவள் பழைய காகிதத்தைக் கிழித்தாள். புதிதாக எழுதினாள். “இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். எவரும் தெரியவில்லை. திருப்பினேன்.” கையெழுத்துப் போட்டாள். எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். ரங்கநாயகி வீட்டுக்குப் போகிறாள் என்று ஏட்டிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை.

என்னைச் சாயங்காலம் வரை உட்கார வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து எழுதி வந்த நோட்டு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே படிக்கப் போகிற அதிகாரிக்கு: ஐயா, இந்த நோட்டில் இருக்கிற பிராணிகளும் பறவைகளும் ஆறுகளும் நான் ஊதிப் பெருக்கியவை. நான் எழுதாமல் விட்டது நிறைய. எழுதியதிலும் பாதி என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எழுதியது. அதற்கெல்லாம் நான் சாட்சி சொல்லமாட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் நிற்பேன். செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை காலை, அரச்சலூர் ரோட்டில், திருப்புவதற்கு முன்னால் கார்குழலி இடப்பக்கம் பார்த்தாள்.